ஃபிடில் இசை ஊருக்குத் திரும்பும் வழி

கிராமங்களில் மங்கிப்போன ஃபிடில் இசையை, அதாவது வயலினில் வாசிக்கும் நாட்டுப்புற இசையை, மீட்பது பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம், மெட்டுகளைப் பதிவு செய்வதும் ஆவணக் காப்பகம் அமைப்பதுமே முதலில் முன்வைக்கப்படுகின்றன. அவை வேண்டியவைதாம். ஆனால் ஒரு மெட்டு ஒலிநாடாவில் பத்திரமாக இருக்கும்போதே, அது பிறந்த ஊரில் அதை வாசிக்க ஒருவரும் இல்லாமல் போகக்கூடும். பலரும் கூடி வாசிக்கிற, கூடி ஆடுகிற பழக்கத்தைத் திரும்ப உண்டாக்குவதே மீட்பின் மையப் பணி என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

என் நம்பிக்கைக்கு வலுவான சான்று கனடாவின் கேப் பிரெட்டன் தீவு. ஸ்காட்லாந்தின் மலைநாட்டிலிருந்தும் தீவுகளிலிருந்தும் குடியேறியவர்கள் கொண்டுவந்த இசை, அங்கே வீட்டுச் சமையலறைகளிலும் ஊர்ப் பொது மண்டபங்களிலும் நடனத்தோடு ஒட்டியே வளர்ந்தது. 1970-களின் தொடக்கத்தில் கனடாவின் பொது ஒளிபரப்பு நிறுவனமான சிபிசி ஒளிபரப்பிய ஓர் ஆவணப்படம், இளைஞர்கள் கற்க முன்வராததால் அத்தீவின் ஃபிடில் கலைஞர்கள் மறைந்து வருகிறார்கள் என்ற கவலையை எழுப்பியது. தீவு மக்கள் அதற்குச் செயலால் பதில் சொன்னார்கள். 1973-ஆம் ஆண்டு கோடையில் கிளென்டேல் என்னும் சிற்றூரில் நடந்த விழாவில் 100-க்கும் மேற்பட்ட ஃபிடில் கலைஞர்கள் சேர்ந்து வாசித்தார்கள். கலைஞர்களுக்கென ஒரு சங்கம் உருவானது. சிறுவர்களுக்குக் கற்பிக்கும் முயற்சிகளும் பெருகின.

அந்த மீட்சி வேரூன்றியதற்கு நடனமும் ஒரு முக்கியக் காரணம் என்பது என் கணிப்பு. ஜோடிகள் சதுரமாக நின்று ஆடும் சதுர நடனத்துக்கு வாசிப்பவர் ஆடுபவர்களின் கால்களுக்கு ஏற்ப வேகத்தைத் தளரவிடாமல் காக்க வேண்டும்; ஒரு மெட்டு முடிந்ததும் அடுத்ததற்கு இடைவெளியின்றித் தாவ வேண்டும். அந்தக் கூடத்தில் ஓடி விளையாடி வளரும் குழந்தை, வில்லைக் கையில் பிடிப்பதற்கு வெகுநாள் முன்பே ரீல் என்னும் விரைவான நடன மெட்டின் நடையை உடலில் ஏற்றிக்கொண்டுவிடுகிறது. ரயில் நிலையப் பணியில் இருந்துகொண்டே நடனங்களுக்கு வாசித்துவந்த பட்டி மாக்மாஸ்டர் போன்றவர்களை அந்தத் தீவு போற்றுவதும், இசையை அன்றாட வாழ்வின் பகுதியாக அவர்கள் வைத்திருந்ததால்தான் என்று நினைக்கிறேன்.

ஸ்காட்லாந்துக்கு வடக்கேயுள்ள ஷெட்லாந்து தீவுகளில் இதே பொறுப்பைச் சுமந்தவர் டாம் ஆண்டர்சன் (1910–1991). காப்பீட்டு முகவராக வேலை பார்த்த அவர், முதியவர்களிடமிருந்து மெட்டுகளைச் சேகரித்தார். தாம் பிறந்த எஷனெஸ் பகுதியில் முன்பு வீட்டுக்கு வீடு எரிந்த விளக்குகளில் சிலவே மிஞ்சியிருந்ததைக் கண்ட துயரில், 1969-இல் அவர் இயற்றிய மெட்டு இன்றும் பலரால் வாசிக்கப்படுகிறது. ஆனால் அவருடைய பணிகளில் எனக்கு மிகப் பெரியதாகத் தோன்றுவது, 1970-களில் அவர் பள்ளிகளுக்குச் சென்று பிள்ளைகளுக்கு ஃபிடில் கற்பித்ததுதான்.

போட்டிகளைக் குறித்து எனக்குத் தயக்கம் உண்டு. அவை திறமையைக் கூர்மைப்படுத்தும். ஆனால் தொடக்கநிலையில் இருப்பவரைப் பார்வையாளர் வரிசையிலேயே உட்கார வைத்துவிடும். அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்துக் கேலாக்ஸ் ஊரில் 1935 முதல் நடைபெறும் ஃபிடில் மாநாட்டில்கூட, மேடையைவிட, பூங்காவில் கூடாரமடித்துத் தங்கியவர்கள் வட்டமாக அமர்ந்து நள்ளிரவு தாண்டியும் வாசிப்பதையே நான் பெரிதாக மதிக்கிறேன்.

ஃபின்லாந்தின் காவுஸ்டினென் ஊரார் இந்தச் சிக்கலுக்கு அருமையான விடை கண்டிருக்கிறார்கள். மௌனோ யார்வெலா உருவாக்கிய நாப்பாரி என்னும் கற்பித்தல் முறையில், தேர்ந்தவர்களும் இப்போதுதான் வில்லைப் பிடித்த சிறுவர்களும் ஒரே குழுவில், அவரவர்க்கு இயன்ற பகுதியை வாசிக்கிறார்கள். சில ஆயிரம் பேரே வாழும் அந்த ஊரின் ஃபிடில் மரபு 2021-இல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் இடம்பெற்றது.

ஆகவே தம் ஊரில் இதைத் தொடங்க விரும்புபவர்களிடம் நான் கேட்டுக்கொள்வது இவ்வளவுதான்: பெரிய விழாவுக்குப் பணம் திரட்டுவதற்கு முன், மாறாத ஒரு மாலைப்பொழுதையும் ஒரு பொதுக்கூடத்தையும் உறுதி செய்யுங்கள். சிறுவர்களுக்கேற்ற அரை அளவு, முக்கால் அளவு வயலின்களை இரவல் கொடுக்க ஏற்பாடு செய்யுங்கள். சில மெட்டுகளை மட்டும் எடுத்துக்கொண்டு, புதியவர்களும் பின்தொடரும்படி மெதுவாக, காதால் கேட்டே கற்கும் வகையில் வாசியுங்கள். ஆட விரும்புபவர்களையும் முதல் நாளிலிருந்தே அழையுங்கள்.