இடது காது, மார்கழி

டிசம்பர் 12, வியாழன்

இடது காது திடீரென்று கேட்கவில்லை. அழுக்கு இல்லை, சளி இல்லை, அடைப்பும் இல்லை. டாக்டர் டியூனிங் ஃபோர்க்கைத் தன் முழங்கையில் தட்டி என் நடுநெற்றியில் வைத்தார். "எந்தப் பக்கம்மா கேக்குது?" வலது. முழுக்க முழுக்க வலது. அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை, பேனா மட்டும் வேகமாக ஓடியது. நரம்பாம். சீக்கிரம் வந்தது நல்லது, இரண்டு வாரத்துக்குள் ஸ்டீராய்டு ஆரம்பித்துவிட வேண்டும் என்றார். பிரெட்னிசலோன் 60 மில்லிகிராம், காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு.

இத்தனை வருஷமும் போனை இடது காதில்தான் வைத்துப் பேசியிருக்கிறேன். இன்றைக்கு அக்கா கூப்பிட்டபோது கை தானாக அங்கேதான் போனது.

டிசம்பர் 13

தூக்கம் இல்லை. பசி மட்டும் இருக்கிறது.

டிசம்பர் 15, விடியற்காலை 3 மணி

மாத்திரை தூங்க விடமாட்டேன் என்கிறது. இடது காதுக்குள் ஒரு கொசு நிற்காமல் கத்துகிறது. "பாட்டு கேக்கலாமா டாக்டர்?" என்று கேட்டதற்கு, "சத்தத்தக் குறைச்சு வச்சுக் கேளுங்க" என்றிருந்தார். அதனால் கேட்கிறேன்.

சினிக் என்ற அமெரிக்க மெட்டல் குழுவின் 'ஃபோகஸ்' ஆல்பம். வேறு எதையும் போடத் தோன்றவில்லை. தம்பி கல்லூரியில் படித்த காலத்தில் ஒரு எம்பி3 சிடியில் எழுதிக் கொடுத்தது. அன்றிலிருந்து எனக்கு எது நடந்தாலும் இதுதான். எட்டுப் பாட்டு, முப்பத்தைந்து நிமிஷத்துக்குக் கொஞ்சம் மேலே. 1993 செப்டம்பரில் வந்தது. பதிவு செய்தது ஃபுளோரிடாவில், டாம்பா நகரின் மோரிசவுண்ட் ஸ்டுடியோவில். டெத் மெட்டல், அதாவது உறுமிப் பாடுகிற கனமான ராக் இசை என்றால் அந்தக் காலத்தில் எல்லாரும் போய் நின்ற வாசல் அது. தயாரிப்பாளர் ஸ்காட் பர்ன்ஸும் அந்த ஊர் டெத் மெட்டலுக்கே அடையாளமான ஆள். அவ்வளவு பேர் போன இடத்தில் உட்கார்ந்துகொண்டு, அங்கே யாரும் செய்யாத ஒன்றை இந்தப் பையன்கள் செய்தார்கள். பால் மாஸ்விடால், ஷான் ரைனர்ட் இருவருக்கும் ஆல்பம் வந்தபோது வயது இருபத்திரண்டு. ஜாஸ் வாசித்தார்கள். கிட்டாரில் சிந்தசைசரைக் கோத்தார்கள். உறுமலுக்கு நடுவில் ஒரு இயந்திரக் குரலை மெல்லப் பாடவிட்டார்கள்.

போனில் மோனோ ஆடியோ என்று ஒரு வசதி இருப்பதை இன்று கண்டுபிடித்தேன். இரண்டு பக்கத்து ஒலியையும் சேர்த்து ஒரே காதில் தரும். போட்டுக் கேட்டேன். எதுவும் விட்டுப்போகவில்லை, எல்லாம் இருக்கிறது. ஆனால் மாஸ்விடாலின் கிட்டாருக்கும் ஜேசன் கோபெலின் கிட்டாருக்கும் நடுவில் ஒரு வெளி இருந்ததே, அது இல்லை. நான் குடியிருந்தது அந்த வெளியில்தான்.

அணைத்துவிட்டேன். மறுபடியும் போட்டேன். மணி நாலரை.

டிசம்பர் 16, மார்கழி 1

கோயில் ஸ்பீக்கர் நாலரைக்கே தொடங்கிவிட்டது. இது என்ன கணக்கு என்று புரியவில்லை. பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்கவில்லை, ஆனால் தட்டில் கரண்டி பட்டால் மண்டைக்குள் கத்தி இறங்குகிறது. மெல்லிய சத்தம் இல்லவே இல்லை, பெரிய சத்தம் இரண்டு மடங்கு. காது போனவர்களுக்கு இப்படித்தான் என்று டாக்டர் முன்பே சொன்னார். "காது போனவர்கள்" என்று அவர் சொல்லவில்லை. நான்தான் எழுதுகிறேன்.

சாயங்காலம் பாப்பா ஓடி வந்து, கழுத்தைக் கட்டிக்கொண்டு ரகசியம் சொன்னாள். இடது காதில். மூச்சுக்காற்றின் சூடு தெரிந்தது. அதற்குப் பின்னால் தகரத்தில் உரசுவது மாதிரி ஏதோ ஒன்று. "யார்கிட்டயும் சொல்லக் கூடாது" என்று முடித்தாள் போலிருக்கிறது. உதட்டைப் பார்த்து ஊகித்தேன். சரி என்று தலையாட்டினேன். என்ன ரகசியம் என்று எனக்குத் தெரியாது.

டிசம்பர் 17

அந்தத் தகரச் சத்தத்தை நான் முன்பே கேட்டிருக்கிறேன். ராத்திரி முழுக்க யோசித்துக்கொண்டே இருந்தேன், பிறகு பிடிபட்டது. முதல் பாட்டு, 'வெயில் ஆஃப் மாயா'. மாயையின் திரை. அதில் மாஸ்விடால் பாடுகிற குரல்.

வோகோடர் என்ற கருவி. பாடுகிறவனின் வாய் உருவாக்கும் வடிவத்தை, அவன் எழுத்துகளை எப்படி உச்சரிக்கிறான், எங்கே மூச்சு விடுகிறான் என்பதையெல்லாம் அது எடுத்துக்கொள்ளும். அந்த வடிவத்தை சிந்தசைசரின் ஒலிமேல் போர்த்திவிடும். சொல் மனிதனுடையது, தொண்டை கருவியுடையது. இந்த ஆல்பத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் பலர் "ரோபோ குரல்" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். எனக்கு அது எப்போதுமே வருத்தம். ரோபோ அப்படிப் பாடாது. எதிரில் இருப்பவருக்குத் தன் குரல் போய்ச் சேருமா என்று தெரியாமலே பாடுகிறவனின் குரல் அது. டோனி டீகார்டன் உறுமுகிறார், உறுமல் நேராக வந்து மோதுகிறது. அது ஓய்ந்த இடத்தில் இந்தக் குரல் எங்கோ கண்ணாடிக்கு அப்பாலிருந்து வருகிறது. இரண்டும் ஒன்றையொன்று அடக்கப் பார்க்கவில்லை. இத்தனை வருஷமாக எனக்கு நெஞ்சில் ஒட்டியது அந்தக் கண்ணாடிக் குரல்தான்.

இடது காதில் இப்போது எல்லாரும் அப்படித்தான் பேசுகிறார்கள். அம்மா, அவர், பாப்பா. பயமாக இருக்கிறதா என்றால் இருக்கிறது. ஆனால் அந்தக் குரலை வெறுக்க என்னால் முடியவில்லை. அதன் பின்னால் ஆள் இருக்கிறார் என்று எனக்குத் தெரியும்.

டிசம்பர் 19

அம்மாவின் சுருதிப் பெட்டி. வலது காதைப் பக்கத்தில் வைத்தால் ச. இடது காதைப் பக்கத்தில் வைத்தால் அதே ச அரைச் சுரத்துக்கும் கொஞ்சம் குறைவாக இறங்கி நிற்கிறது, விளிம்பெல்லாம் பிசிறு. நடுவில் வைத்தால் இரண்டும் உரசிக்கொண்டு ஒரு அதிர்வு. அம்மாவிடம் சொன்னேன். அவள் பெட்டியை நிறுத்திவிட்டு, அடுப்பில் ஏதோ இருக்கிறது என்று எழுந்து போய்விட்டாள். எத்தனை பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுத்தவள்.

திரும்பி வந்து, "இந்த வருஷம் கச்சேரிக்குப் போக வேணாம்டி" என்றாள். நான் போகிறேன் என்று சொல்லவே இல்லை.

டிசம்பர் 20

சாலையில் ஹாரன் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று தெரியவில்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டு கடந்தேன்.

டிசம்பர் 23, திங்கள்

மாத்திரை போதவில்லை. இன்று காதுக்குள்ளேயே ஊசி. செவிப்பறையை மரத்துப்போக வைத்து, அதன் வழியாக மருந்தை உள்ளே விடுகிறார்கள். மருந்து இறங்கும்போது தலைக்குள் குளிர்ந்த தண்ணீர் சுழல்வது போலிருந்தது, அறை ஒரு சுற்றுச் சுற்றி நின்றது. பிறகு இடது காது மேலே பார்க்கும்படி ஒருக்களித்துப் படுக்க வேண்டும். அரை மணி நேரம் பேசக் கூடாது, எச்சில் விழுங்கக் கூடாது. விழுங்கினால் மருந்து தொண்டைப் பக்கம் வடிந்துவிடும். நர்ஸம்மா வாயோரம் ஒரு பஞ்சை வைத்துவிட்டுப் போனார்.

தலையணையில் அழுந்தியிருந்த வலது காதில் இயர்பட். 'ஃபோகஸ்' போட்டுவிட்டுக் கண்ணை மூடினேன்.

குறைந்த சத்தத்தில் இந்த ஆல்பம் வேறு ஆளாகிவிடுகிறது. கிட்டாரின் எடை விலகிக்கொள்ள, ஷான் மலோனின் பாஸ் கிட்டார் முன்னால் வருகிறது. அவருடையது ஃப்ரெட் கட்டை இல்லாத பாஸ். விரல் ஒரு சுரத்திலிருந்து அடுத்ததுக்கு இடையில் உள்ள எல்லா இடத்தையும் தொட்டுக்கொண்டுதான் போகும். நம் காதுக்கு அது அந்நியமே இல்லை, கமகம் கேட்டு வளர்ந்த காது. 'டெக்ஸ்சர்ஸ்' என்ற பாட்டில் வாய்ப்பாட்டே கிடையாது. பாஸ் அங்கே பாடுகிறது, தயங்குகிறது, கிட்டாரிடம் ஏதோ கேட்கிறது. டிரம்ஸில் ரைனர்ட் எவ்வளவு பலமாக அடிக்கக்கூடியவர் என்று 'டெத்' என்ற குழுவின் 'ஹ்யூமன்' ஆல்பத்தைக் கேட்டவர்களுக்குத் தெரியும். 1991இல் இவரும் மாஸ்விடாலும் அதில் வாசித்தார்கள். அந்த மனிதர் இங்கே சிம்பலின் ஓரத்தை நுனியால் தொட்டுவிட்டு விலகுகிறார்.

கடைசிப் பாட்டின் கிட்டார் தனி ஆவர்த்தனம் போய்க்கொண்டிருக்கும்போது நர்ஸம்மா தோளைத் தட்டினார். எழுந்திரிக்கலாமாம். முடியட்டும் என்று கையைக் காட்டினேன். நின்றார். நல்ல மனுஷி.

டிசம்பர் 24

தலைசுற்றல். ஒன்றும் எழுத முடியவில்லை.

டிசம்பர் 27, வெள்ளி

ஆடியோகிராம், காது எவ்வளவு கேட்கிறது என்று அளக்கிற சோதனை. கண்ணாடி அறை, கையில் பொத்தான். சத்தம் கேட்டால் அழுத்த வேண்டும். கேட்காத நேரத்தில் உள்ளிருக்கும் கொசு கேட்டது, அதற்கும் அழுத்தியிருப்பேனோ என்று இப்போதும் குழப்பம்.

எண் குறைந்தால் காது தேறுகிறது என்று அர்த்தம். 250 ஹெர்ட்ஸில் 30 டெசிபலுக்குத் தேறியிருக்கிறது. 500இல் 40. அதற்கு மேலே கோடு அப்படியே பள்ளத்தில் விழுகிறது, 4000இலும் 8000இலும் 75. டாக்டர், "கீழ்ச் சுருதி முதல்ல வரும்மா. மேல உள்ளதுக்குக் கொஞ்சம் பொறுக்கணும்" என்றார். வருமா என்று கேட்டேன். பொறுக்கணும் என்றுதான் மறுபடியும் சொன்னார்.

வீட்டுக்கு வந்ததும் வலது காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு, மோனோவை எடுத்துவிட்டு, இடதில் மட்டும் போட்டேன். 'செலெஸ்டியல் வாயேஜ்'. கொஞ்ச நேரம் வெறும் இரைச்சல். அப்புறம் அடியிலிருந்து, மண்ணுக்குள் ஏதோ நகர்வது போல, பாஸ்.

மலோன்! இடது பக்கத்தில் மலோன் கேட்கிறார்! சுருதி தாழ்ந்துதான் இருக்கிறது, பிசிறு இருக்கிறது. ஆனால் அவர்தான், அந்த வழுக்கல் அவருடையது. சமையலறைக்கு ஓடினேன். அம்மா கையில் அரிவாள்மனை. "என்னடி, என்னாச்சு?" என்று பதறினாள். இயர்பட்டை அவள் காதில் வைத்தேன். ஒரு நிமிஷம் கேட்டுவிட்டு, "அந்த அடியில ஓடுதே, அது நல்லாயிருக்கு" என்றாள்.

சிம்பல் மட்டும் இல்லை. ரைனர்ட் இருந்த இடம் காலி.

டிசம்பர் 28

சிம்பல் இல்லை.

டிசம்பர் 31

பன்னிரண்டு மணிக்கு வெடி போடுவார்கள். இரண்டு காதையும் பொத்திக்கொண்டு உட்கார வேண்டும். பாப்பா தன் கையால் பொத்திவிடுகிறேன் என்கிறாள்.

மனசு கொதிக்கிற நாள். என்னோடு வேலை செய்கிற ஒருவர் போனில், "ஒரு காது போதுமே, எத்தனையோ பேர் அப்படித்தான் இருக்காங்க" என்றார். ஆறுதலுக்குத்தான் சொன்னார், தெரியும். ஆனாலும் கொதிக்கிறது.

அதே கொதிப்பில் வேறொன்றும் ஞாபகம் வந்தது. 'ஃபோகஸ்' வந்த பிறகு இவர்களைக் கானிபல் கார்ப்ஸோடு ஊர் ஊராக அனுப்பினார்கள். ரத்தமும் சதையுமாகப் பாடுகிற குழு அது, அதைக் கேட்க வந்த கூட்டத்தின் முன்னால் தலையில்லாத கிட்டாரோடும் வோகோடரோடும் இவர்களை நிறுத்தினால் என்ன ஆகும்? கூச்சல்தான் கிடைத்தது. 1994இல் குழுவே கலைந்துபோனது. அதற்கு முன்னால் 1992 ஆகஸ்டில் ஆண்ட்ரூ புயல் அவர்கள் ஊரான மயாமிப் பக்கத்தைப் புரட்டிப்போட்டது, பதிவு வேலை தள்ளிப்போனது. இத்தனைக்கும் நடுவில்தான் அந்த முப்பத்தைந்து நிமிஷம். மாஸ்விடாலும் ரைனர்டும் தன்பாலின ஈர்ப்பாளர்கள் என்பதை 2014இல்தான் வெளியே சொன்னார்கள். அப்படியென்றால் அந்த மேடைகளில் நின்ற இருபது சொச்சம் வயசில் எதையெல்லாம் உள்ளே வைத்துக்கொண்டு நின்றிருப்பார்கள்? கண்ணாடிக்கு அப்பாலிருந்து பாடிய அந்தக் குரலை இதெல்லாம் தெரிந்து கேட்கும்போது எனக்குத் தொண்டை அடைக்கிறது.

ஜனவரி 1

வெடி முடிந்தது. தலைவலி. எல்லாருக்கும் புத்தாண்டு வாழ்த்துகள்.

ஜனவரி 4, சனி

ரைனர்ட் 2020 ஜனவரியில் போனார், வயது 48. அதே வருஷம் டிசம்பரில் மலோன், வயது 50. ஒரே வருஷத்தின் இரண்டு முனையில். மிச்சமிருந்த மாஸ்விடால் அடுத்த ஆண்டு 'அசென்ஷன் கோட்ஸ்' வெளியிட்டார். டிரம்ஸுக்கு வேறு ஆள் வந்தார். பாஸ் கிட்டாருக்கு யாரும் வரவில்லை. அந்தக் கீழ்ச் சுருதி முழுவதையும் டேவ் மக்கே சிந்தசைசரில் வாசித்தார். மலோனுக்குப் பதிலாக இன்னொரு பாஸ் வாசிப்பவரைக் கொண்டுவந்து உட்கார வைக்க வேண்டாம் என்று நினைத்திருப்பார் என்றுதான் என் மனசுக்குப் படுகிறது.

இன்று அதைக் கேட்க உட்கார்ந்து, முதல் சில நிமிஷத்திலேயே நிறுத்திவிட்டு 'ஃபோகஸ்' பக்கம் வந்துவிட்டேன். அது இன்னொரு நாளைக்கு.

மாத்திரையைப் படிப்படியாகக் குறைக்கிறார்கள். முகம் வீங்கியிருக்கிறது. நேற்று ராத்திரி நன்றாகத் தூங்கினேன்.

ஜனவரி 6

பாப்பாவிடம் அந்த ரகசியத்தை மறுபடி சொல்லச் சொன்னேன். எந்த ரகசியம் என்கிறாள். மறந்துவிட்டாள்.

ஜனவரி 8, புதன்

'உரோபோரிக் ஃபார்ம்ஸ்', இடது மட்டும். இருப்பதிலேயே மூர்க்கமான பாட்டு, ஆல்பத்துக்கு முன்பே டெமோவில் இருந்தது. நடுவில் ஓரிடத்தில் ஏதோ சீறியது. சிம்பலா, உள்ளிருக்கும் கொசுவா? பின்னால் தள்ளி அதே இடத்தை மறுபடி கேட்டேன். அதே இடத்தில் சீறியது. இன்னொரு தடவை கேட்டபோது இல்லை.

அவரைக் கூப்பிட்டு வலது காதை நன்றாக அழுத்திப் பொத்தச் சொன்னேன். "எத்தனை நேரம்?" என்றார். பாட்டு முடிகிற வரைக்கும். இருந்தது மாதிரிதான் இருக்கிறது. உறுதியாகச் சொல்ல முடியவில்லை. 4000 ஹெர்ட்ஸ் வந்திருந்தால் வெள்ளிக்கிழமை கோட்டில் தெரிந்துவிடும். வைகுண்ட ஏகாதசி, பெருமாள் கோயில் வழியே போக முடியாது, சுற்றிக்கொண்டுதான் போக வேண்டும். எட்டரைக்கே கிளம்பணும். பழைய ஆடியோகிராம் எல்லாவற்றையும் பச்சை ஃபைலில் எடுத்து வைத்திருக்கிறேன்.