பட்சி அணைத்த கோயிலில் ஒரு பெயர்

அங்கோர்வாட்டிலிருந்து அங்கோர் தோம் என்ற பழைய தலைநகரத்தின் தெற்கு வாசலுக்குப் போகும் சாலையில், வாசலுக்குச் சற்று முன்னால், இடது கைப்பக்கம் மரங்களுக்கு நடுவே ஒரு சின்ன கோயில் இருக்கிறது. பெயர் பக்சேய் சம்குரோங். சுற்றுலா வண்டிகள் பெரும்பாலும் அங்கே நிற்பதில்லை. வாசலின் பெரிய முகங்களைப் பார்க்கும் ஆவலில் தாண்டிப் போய்விடுகிறார்கள். நான் கம்போடியாவுக்குக் கிளம்பியபோதே இந்தக் கோயிலைத்தான் மனதில் வைத்திருந்தேன். இதன் கதவு நிலையில் ஒரு கல்வெட்டு இருக்கிறது. அந்த நாட்டு மக்களான கெமர்களின் பெயருக்கு அவர்களே சொல்லும் கதை அதில்தான் இருக்கிறது.

'பக்சேய்' என்பது நம் 'பட்சி'தான். குஞ்சுகளை இறகுக்குள் அணைத்துக்கொள்ளும் பறவை என்று முழுப் பெயருக்கும் பொருள். எதிரிகள் துரத்த ஓடிவந்த ஒரு ராஜாவை, பெரிய பறவை ஒன்று இறங்கிச் சிறகை விரித்து மறைத்துக் காப்பாற்றியதாம். டுக்டுக் ஓட்டிவந்த தம்பி இதைச் சொல்லும்போது இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினார்.

காலை ஏழு மணி இருக்கும். செம்புரைக்கல்லில் நான்கு அடுக்கு, அதற்கு மேல் செங்கல்லில் ஒரே ஒரு கருவறை. உயரம் பெரிதில்லை. ஆனால் படிகள் செங்குத்து. பாதம் முழுதாக வைக்க இடமில்லை, பக்கவாட்டில் வைத்துத்தான் ஏற வேண்டும். என் வீட்டுக்காரர் முழங்கால் வலியால் கீழேயே உட்கார்ந்துவிட்டார். நான் ஒவ்வொரு படிக்கும் ஒரு 'நமசிவாய' சொல்லி ஏறினேன். கையை ஊன்றிய இடமெல்லாம் பனி ஈரம்.

கிழக்கு பார்த்த சந்நிதி. வாசலுக்கு மேலே உத்தரக் கல்லில் மூன்று தலை ஐராவதத்தின் மேல் இந்திரன். இரண்டு பக்கமும் மணற்கல் நிலைகள். வெயில் சாய்வாக விழுந்தபோதுதான் எழுத்துகள் எழுந்து தெரிந்தன. சின்னச் சின்னதாய், உருண்டையாய், மணி கோத்த மாதிரி வரிசை. மொழி சமஸ்கிருதம், எழுத்து பழைய கெமர். நம் பல்லவ எழுத்திலிருந்து கிளைத்தது அது. எனக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் என்ன எழுதியிருக்கிறது என்று தெரிந்துகொண்டுதான் வந்திருந்தேன். தொட்டுப் பார்க்கக் கை போயிற்று, தொடவில்லை. ஆயிரம் வருஷத்து எழுத்து, நம் விரல் ஈரம் வேண்டாம்.

கோயிலைக் கட்டியது முதலாம் ஹர்ஷவர்மன், பத்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், தன் அப்பா அம்மாவின் நினைவாக. பிறகு தலைநகரை அங்கோருக்கே திருப்பிக் கொண்டுவந்த இராஜேந்திரவர்மன் இதைப் புதுப்பித்து, 948-இல் பொன்னால் ஒரு சிவன் திருமேனியை வைத்தான். கல்வெட்டு அப்போது வெட்டியது. தெய்வங்களுக்கு வணக்கம் சொன்ன கையோடு அது இரண்டு பேரை வணங்குகிறது. ஒருவர் கம்பு சுவாயம்புவர் என்ற மகரிஷி. இன்னொருத்தி மேரா, தேவமகளிரில் புகழ் மிக்கவள். மூவுலகுக்கும் குருவான ஹரன் அவளை அந்த ரிஷிக்கு மனைவியாகக் கொடுத்தான் என்கிறது பாட்டு. அந்த வம்சத்தில் முதலில் வந்த சுருதவர்மன், வேறொருவருக்குக் கப்பம் கட்டும் தளையை அறுத்தவன் என்று பேசப்படுகிறான்.

கம்புவின் வழி வந்தவர்கள் கம்புஜர். அதுதான் கம்புஜ தேசம், கம்பூச்சியா, வெள்ளைக்காரர் வாயில் கம்போடியா. கம்புவையும் மேராவையும் சேர்த்தால் 'க்மேர்', அதாவது நாம் சொல்லும் கெமர், என்றும் சொல்வார்கள். அப்பனும் அம்மையும் சேர்ந்து ஓர் இனத்துக்குப் பெயர். ஒரு மகன் தன்னைப் பெற்றவர்களுக்காக எழுப்பிய கோயிலின் வாசலில், ஓர் இனத்தைப் பெற்றவர்களின் பெயரை எழுதத் தோன்றியிருக்கிறதே! அந்த இடத்தில் எனக்குக் கண் கலங்கிவிட்டது. என் அம்மா போய் அப்போது ஒரு வருஷம்கூட ஆகவில்லை.

உள்ளே அந்தப் பொன் திருமேனி இல்லை. பின்சுவரை ஒட்டிப் பிற்காலத்தில் வைத்த மணற்கல் புத்தர், சயனக் கோலத்தில் இருக்கிறார். இருட்டு பழகக் கொஞ்ச நேரம் ஆனது. கொண்டுபோன விபூதியை இட்டுக்கொண்டு, அவரையே நமஸ்கரித்தேன். ஹரன் இருந்த இடம். இப்போது அவர் காவல் இருக்கிறார். அவ்வளவுதான் எனக்குத் தோன்றியது.

கீழே இறங்கியதும் ஓட்டுநர் தம்பி இளநீர் வாங்கி வைத்திருந்தார். என்னை 'மிங்' என்றுதான் கூப்பிடுவார், நம் ஊர் சித்தி மாதிரி. கல்வெட்டைப் பற்றிச் சொல்லிவிட்டு, "நீங்கள் கெமர்தானே?" என்றேன். 'ர்' அழுத்தமாக விழுந்தது. அவர் சிரித்துக்கொண்டே, "எழுதும்போதுதான் ர், மிங். வாயில் வராது" என்று சொல்லி, தரையில் குச்சியால் எழுதிக் காட்டினார். கடைசியில் ர் இருக்கிறது. சொல்லும்போது 'க்மாய்'க்கும் 'க்மே'க்கும் நடுவில் ஏதோ ஒன்று. தாய்லாந்தில் சுரின் பக்கம் வாழும் கெமர் மக்கள் இன்னமும் அந்த ர்-ஐ விடாமல் சொல்கிறார்களாம்.

"நான் கெமர் என்று எப்படிச் சொல்வீர்கள்?" என்று கேட்டேன்.

"க்ஞொம் சியா க்மாய்."

அந்த 'க்ஞொம்' எனக்குள் போய் உட்கார்ந்தது. பழைய கெமர் கல்வெட்டுகளில், கோயிலுக்கு எழுதிவைத்த ஊழியர்களின் பட்டியல்களில் வரும் 'க்ஞும்' இதே சொல்தான். அடிமை, ஏவல் செய்பவர் என்று பொருள். இன்று அதுவே 'நான்'. நம் பெரியவர்கள் 'அடியேன்' என்று சொல்வார்களே, அதேதான். நாம் அதைச் சந்நிதியில் மட்டும் சொல்கிறோம். இவர்கள் காய்கறி வாங்கும்போதும் சண்டை போடும்போதும் சொல்கிறார்கள்.

அப்புறம் அவர் ஒன்று சொன்னார். வெளிநாட்டுக்காரர்கள் பலருக்கு இந்தப் பெயரைக் கேட்டதும், அந்த நாட்டைப் பிடித்து மக்களைக் கொன்று குவித்த 'கெமர் ரூஜ்' கூட்டம்தான் நினைவுக்கு வருகிறதாம். 1975-இலிருந்து 1979 வரை நடந்த அந்தக் கொடுமையில் அவருடைய பாட்டியின் கூடப்பிறந்தவர்கள் யாருமே மிஞ்சவில்லை. "எங்கள் பேரை எங்களைக் கொன்றவர்களோடு சேர்த்துச் சொல்கிறார்கள், மிங்" என்றார். இளநீர் என் தொண்டையில் இறங்கவில்லை.

சரி, பெயர்க் கதைக்கு வருகிறேன். கம்புவும் மேராவும் சேர்ந்து 'க்மேர்' ஆயிற்று என்பதை மொழி ஆராய்ச்சியாளர்கள் ஏற்பதில்லை. 'க்மேர்' அந்த மண்ணின் சொந்தச் சொல், பக்கத்து நாடான சம்பாவின் கல்வெட்டுகளில்கூட 'க்விர்' என்று வருகிறது, ரிஷி கதை பெயருக்குப் பிறகு பொருந்தி வந்தது என்பார்கள். பாலி மொழியின் 'கேம', அதாவது நம் க்ஷேமம், அதிலிருந்து வந்தது என்று சொல்பவர்களும் உண்டு. எனக்கு ஆராய்ச்சியோடு சண்டை இல்லை. பெயர் முதலில், கதை பிறகு என்றே இருக்கட்டும். பிள்ளைக்கு வழங்கிவந்த ஒரு பெயருக்கு, 'இது ஈசன் சேர்த்து வைத்த தம்பதியின் பெயர்' என்று ஒரு கவி பொருள் கண்டு, அதை ராஜா கல்லில் ஏற்றினான் என்றால், அதுவும் ஒரு பெயர்சூட்டு விழாதானே? அந்த மக்கள் தங்களை யாருடைய பிள்ளைகளாக நினைக்க ஆசைப்பட்டார்கள் என்பது அதில் இருக்கிறது. நான் கும்பிடப் போனது அந்த ஆசையைத்தான்.

நம் சிதம்பரத்திலும் இந்தப் பெயருக்கு ஒரு சாட்சி உண்டு. முதலாம் குலோத்துங்கன் காலத்தில், 1114-ஐச் சேர்ந்த கல்வெட்டு ஒன்று, காம்போஜ ராஜன் சோழனுக்குக் காட்சியாகக் காட்டிய கல்லைப் பற்றிப் பேசுகிறது. சோழன் அதை நடராஜர் சந்நிதிக்கு எதிரே, திரு எதிரம்பலத்தில் வைக்கச் சொன்னான். அது என்ன மாதிரிக் கல்லோ! தில்லையில் எத்தனையோ தடவை அந்தப் பக்கம் நடந்திருக்கிறேன், ஒருமுறைகூட நின்றதில்லை. நம் ஆட்களுக்கு அவர்கள் காம்போஜர். ஏடும் கல்லும் அறிந்த பெயர் அது. வீட்டுக்குள் அவர்கள் எப்போதும் க்மேர்.

மத்தியானத்துக்கு மேல் அங்கோர் தோமுக்குள்ளே தேப் பிரணம் போனோம். தேவப் பிரணாமம். வெட்டவெளியில் பெரிய புத்தர் உட்கார்ந்திருக்கிறார். பக்கத்தில் தலை மழித்த, வெள்ளை உடுத்திய ஒரு பாட்டி பாய் விரித்து, ஊதுவத்தி வைத்துக்கொண்டிருந்தார். என் கையைப் பிடித்து, மணிக்கட்டில் சிவப்பு நூலைக் கட்டி, ஏதோ முணுமுணுத்து, முடிச்சின் மேல் வாயால் ஊதினார். வெற்றிலைச் சாறு ஊறிய உதடு. என் நெற்றி விபூதியைப் பார்த்துத் தம்பியிடம் என்னவோ கேட்டார். எந்த ஊர், என்ன சாமி என்று கேட்கிறார் என்றார் தம்பி.

நான் ஆகாயத்தைக் காட்டி, "ஹரன்" என்றேன். அப்புறம் அவரைக் காட்டி, இரண்டு கையும் கூப்பி, "க்மாய்" என்றேன். இந்தத் தடவை ர் வரவில்லை.

பாட்டி என் கையை விடவே இல்லை. இன்னொரு நூலை எடுத்து, முதல் முடிச்சுக்குப் பக்கத்திலேயே கட்ட ஆரம்பித்தார்.