பீவரோடு மல்லுக்கட்டு

கனடாவின் ஒன்டாரியோவில் ஓடையோரம் வீடு வாங்கினால், மரத்தைக் கடித்து வீழ்த்தி ஓடையில் அணை கட்டும் பீவர் என்ற விலங்கும் கூடவே வரும். ஐந்து சென்ட் நாணயத்தில் 1937 முதல் உட்கார்ந்திருக்கும் அதே ஆள்தான்! பக்கத்து வீட்டு அண்ணை அது கட்டிய அணையைப் பிரித்துப் போட்டார். விடிவதற்குள் சேறு பூசிப் புது அணை தயார். தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டால் அடைக்காமல் விடாது.

அணைக்குள் பெரிய குழாய் ஒன்றைச் செருகி, குளத்துக்குள் இருக்கும் வாயைக் கம்பிக்கூண்டால் மூடினால் நீர் சத்தமில்லாமல் வடியும். மரத்துக்கு நாலடி உயரம் கனமான கம்பிவலை, பட்டையில் ஒட்டாமல். கோழிவலை வேண்டாம், இரும்பு ஏறிய அந்த ஆரஞ்சுப் பற்களுக்கு அது ஒரு பொருட்டேயில்லை.

பொறி வைக்கலாமே என்கிறார் அண்ணை. வைக்க உரிமம் உள்ளவரைக் கூப்பிடலாம், சரி. ஆனால் இடம் காலியானால் அடுத்த குடும்பம் குடிவரும். அவருக்கு ஆப்பிள் மரம் போன கோபம், கேட்கமாட்டார்.