பொங்கலுக்கு மின்சாரக் காரில் மதுரை: சார்ஜருக்குக் காத்திருந்த கணக்கு

காரை வாங்கிய நாளிலிருந்து சென்னைக்குள்தான் ஓட்டிக்கொண்டிருந்தேன். இரவு வீட்டில் பிளக்கைச் செருகினால் காலையில் நிறைந்திருக்கும். வெளியே சார்ஜர் எங்கே இருக்கிறது என்று தேடவேண்டிய தேவையே வந்ததில்லை. 2025 பொங்கலுக்குத்தான் முதல்முறையாக மனைவி, மகள், அம்மா மூவரையும் ஏற்றிக்கொண்டு தாம்பரத்திலிருந்து மதுரையில் இருக்கும் மாமனார் வீட்டுக்கு அந்தக் காரிலேயே கிளம்பினேன். ஒருவழி 433 கிலோமீட்டர்.

பேட்டரியின் கொள்ளளவு 40.5 யூனிட். மின்வாரிய மீட்டரில் ஓடும் அதே யூனிட்தான். விற்பனைத் தாளில் அச்சடித்திருக்கும் தூரத்தை நான் கணக்கில் எடுக்கவில்லை. நான்கு பேர், குளிர்சாதனம், மணிக்கு 85 முதல் 90 கிலோமீட்டர் வேகம் என்றால் என் வண்டி 100 கிலோமீட்டருக்கு 15 யூனிட்டுக்குச் சற்று மேலே குடிக்கும். நிரப்பிக்கொண்டு கிளம்பினால் 260 கிலோமீட்டர். ஆகவே வழியில் ஒரு முறை கட்டாயம், நிம்மதியாகப் போகவேண்டுமானால் இரண்டு முறை. உளுந்தூர்பேட்டைப் பக்கம் ஒன்று, திருச்சியில் ஒன்று என்று முடிவு செய்துகொண்டேன்.

ஜனவரி 12, ஞாயிறு அதிகாலை நாலரைக்குப் புறப்பட்டோம். ஏழு மணிக்கு முன்பே, 37 சதவீதம் மிச்சத்தோடு, நான் குறித்துவைத்திருந்த உணவகத்தின் வாசலில் இருந்தோம். செயலியில் அந்தச் சார்ஜர் பச்சையாகத் தெரிந்தது. நேரில் அதன் திரை கருப்பாக இருந்தது. காவலாளி என் முகத்தைப் பார்த்த உடனேயே கையை விரித்தார். மூன்று நாளாக இப்படித்தானாம். செயலிக்கு அது தெரியவில்லை.

அடுத்த சார்ஜர் 12 கிலோமீட்டர் தள்ளி இருந்தது, அதுவும் சாலைக்கு எதிர்ப்பக்கம். நான்குவழிச் சாலையில் எதிர்ப்பக்கம் என்றால் திரும்பும் இடம் வரை போய் வரவேண்டும். வரைபடம் பார்த்துத் திட்டம் போடுகிறபோது இதெல்லாம் கண்ணில் படுவதில்லை. அது வேறு நிறுவனத்துடையது, ஆகவே வேறு செயலி. தரவிறக்கம், கைபேசிக்கு வரும் கடவு எண், முன்பணம் போடுதல் என்று ஒரு கால்மணி நேரம் அங்கேயே கரைந்தது. இந்த நாட்டில் எந்த வங்கிக் கணக்கிலிருந்தும் எந்தப் பெட்டிக்கடைக்கும் ஒரே நொடியில் பணம் அனுப்பலாம். சார்ஜருக்கு மட்டும் நிறுவனத்துக்கொரு பணப்பை.

பலகையில் 60 கிலோவாட், அதாவது மணிக்கு 60 யூனிட் ஏற்றும் வேகம், என்று எழுதியிருந்தது. என் வண்டி அதிகபட்சம் 50 வரை வாங்கிக்கொள்ளும், அரைமணியில் வேலை முடிந்துவிடும் என்று கணக்குப் போட்டேன். ஆனால் அந்தப் பெட்டிக்கு இரண்டு கன். பெட்ரோல் பங்கில் சொல்வதுபோல இதையும் கன் என்றே சொல்கிறார்கள். பக்கத்தில் ஏற்கெனவே ஒரு வண்டி குடித்துக்கொண்டிருந்தது. அறுபது என்பது இரண்டு பேருக்கும் சேர்த்துத்தான். எனக்கு வந்தது 28.

அதோடு போயிருந்தாலும் பரவாயில்லை. 80 சதவீதத்துக்கு மேல் பேட்டரியே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். பந்தியில் கடைசியாகப் பரிமாறும் மோர்ச்சோறு மாதிரி மெதுவாகத்தான் இறங்கும். விவரம் தெரிந்தவர்கள் 80-இல் கழற்றிவிடுவார்கள். நான் 88 வரை உட்கார்ந்திருந்தேன். திருச்சிக்குப் போக அவ்வளவு தேவையே இல்லை. ஆனால் ஒரு கருப்புத் திரையைப் பார்த்துவிட்ட பிறகு, திருச்சியிலும் அப்படி இருந்தால் என்ன செய்வது என்ற பயம். எனக்குப் பின்னால் வந்து நின்ற இளைஞர் எரிச்சலோடு கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அவரும் தன் முறை வந்தபோது இதையேதான் செய்திருப்பார். ஒரு சார்ஜர் செத்துக் கிடந்தால் அதைச் சுற்றியுள்ள நான்கு சார்ஜர்களில் வரிசை நீளுகிறது, எல்லோரும் தேவைக்கு மேல் நிரப்பிக்கொள்கிறார்கள். வேகம் போதவில்லை என்று நாம் புலம்புவதில் பாதி உண்மையில் வேகக் குறைவால் வருவதில்லை.

மொத்தம் 55 நிமிடம், 24 யூனிட். யூனிட்டுக்கு 20 ரூபாய், அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி, ஆக 566 ரூபாய்.

திருச்சியில் எல்லாமே தலைகீழ். 120 கிலோவாட் சார்ஜர், ஒரே ஒரு வண்டிகூட இல்லை. பெட்டி எவ்வளவு பெரிதாக இருந்தால் என்ன, என் வண்டியின் வாய் சின்னது. 45-ஐ ஒட்டித்தான் ஏறியது. அதுவே போதுமானதாக இருந்தது. 44 சதவீதத்திலிருந்து 78 வரை ஏற 20 நிமிடம்கூட ஆகவில்லை. பொங்கலும் வடையும் மேசைக்கு வருவதற்குள் வண்டி தயார் என்று கைபேசி கூப்பிட்டது. 308 ரூபாய். மதியம் பன்னிரண்டேகாலுக்கு மதுரை.

மாமனார் வீட்டில் மோட்டாருக்காகப் போட்ட 15 ஆம்பியர் பிளக் இருக்கிறது, இரவு முழுக்கப் போட்டால் காலையில் நிறைந்துவிடும் என்று நம்பியிருந்தேன். கையோடு கொண்டுபோன சார்ஜரைச் செருகினால் சிவப்பு விளக்கு. எர்த் சரியில்லை. மிக்சியும் மோட்டாரும் எர்த்தைப் பொருட்படுத்தாமல் முப்பது வருடம் ஓடியிருக்கின்றன, கார் மட்டும் ஓடாது. எர்த் இல்லாமல் மின்சாரத்தை உள்ளே விடாதபடிதான் அதைச் செய்திருக்கிறார்கள். எலக்ட்ரீஷியன் வந்து நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே மீட்டரை வைத்துப் பார்த்தார். 18 வோல்ட். கொல்லையில் எர்த் குழி காய்ந்து, கரியும் உப்பும் கல்லாகிக் கிடந்தது. குத்திக் கிளறி, புது உப்பைக் கொட்டி, தண்ணீர் ஊற்றச் சொன்னார். நான் குடம் குடமாக ஊற்றினேன். திண்ணையில் உட்கார்ந்திருந்த மாமனார், “மாட்டுப் பொங்கலுக்கு இன்னும் மூன்று நாள் இருக்கிறது மாப்பிள்ளை, அதற்குள் வண்டிக்குத் தண்ணீர் காட்ட ஆரம்பித்துவிட்டீர்களே” என்றார். எட்டாவது குடத்தில் 4 வோல்ட்டுக்கு இறங்கியது. விளக்கு பச்சையானது. இரவு ஒன்பதுக்குப் போட்டது காலை எட்டு மணிக்கு நிறைந்தது.

போகும் செலவைக் காகிதத்தில் எழுதிப் பார்த்தேன். எங்கள் வீட்டில் இரண்டு மாதத்துக்கு 600 யூனிட்டைத் தாண்டிவிடுவதால், காருக்கு ஏறும் யூனிட் அப்போதைய கட்டணத்தில் 9 ரூபாய் 65 காசு வரிசையில் விழுந்தது. கிளம்பும்போது நிரப்பியது, சார்ஜ் ஏறும்போது வீணாகும் மின்சாரத்தையும் சேர்த்து, 425 ரூபாய். வெளியில் 874. ஆக 1,300 ரூபாய் அளவில், கிலோமீட்டருக்கு மூன்று ரூபாய். என் பழைய பெட்ரோல் வண்டி நெடுஞ்சாலையில் லிட்டருக்கு 16 கொடுக்கும். அதில் 2,700 ஆகியிருக்கும். பாதிதான். ஆனால் ஊருக்குள் ஓட்டும்போது கிலோமீட்டருக்கு ஒன்றரை ரூபாயில் பழகியவனுக்கு இந்த மூன்று ரூபாய் கொஞ்சம் உறுத்தியது. மின்சாரக் காரின் சிக்கனம் வீட்டுப் பிளக்கில் இருக்கிறது. நெடுஞ்சாலையில் அதில் பாதியை விட்டுவிட வேண்டியதுதான்.

உண்மையான சோதனை திரும்பும்போது வந்தது. ஜனவரி 19, ஞாயிறு. தென்மாவட்டங்கள் மொத்தமும் சென்னைக்குத் திரும்பும் நாள். திருச்சியில் ஐந்து வண்டிகள் நிற்பதைப் பார்த்துவிட்டு, பெரம்பலூரில் பார்த்துக்கொள்ளலாம் என்று நிற்காமல் ஓட்டினேன். இந்தப் பயணத்தில் நான் செய்த பெரிய தவறு அதுதான். பெரம்பலூரில் இரண்டு கன்னில் ஒன்று வேலை செய்யவில்லை, எனக்கு முன்னால் நான்கு வண்டிகள், என்னிடம் 27 சதவீதம்.

வரிசை என்று அங்கே எதுவும் இல்லை. ஆளாளுக்குத் தான்தான் முதலில் வந்ததாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஒரு வண்டி 94-இல் நின்றுகொண்டிருக்க, அதன் சொந்தக்காரர் உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கடைசியில் மின்சார டாக்ஸி ஓட்டும் ஒருவர் பழைய சுங்கச்சாவடி ரசீதுகளின் பின்புறத்தில் எண் எழுதி ஆளுக்கொன்று கொடுத்தார். எனக்கு ஐந்து. யாராக இருந்தாலும் 80-இல் கழற்றவேண்டும் என்பது அவர் போட்ட சட்டம். உள்ளே போய்ச் சாப்பாட்டிலிருந்து அந்த மனிதரை எழுப்பிக்கொண்டு வந்ததும் அவர்தான். “சார், நீங்கள் சாப்பிடுங்கள், வண்டியை மட்டும் எடுத்து நிறுத்திவிட்டுச் சாப்பிடுங்கள்” என்றார். கோபமே இல்லாத குரல், ஆனால் மறுத்துப் பேச முடியாது. இரண்டாம் எண் வைத்திருந்த பெண் விழுப்புரத்துக்குத்தான் போகவேண்டும் என்று 60-லேயே கழற்றிக்கொண்டார்.

இரண்டு மணி நேரத்துக்கும் மேலே காத்திருந்தோம். வேப்பமரத்தடியில் என் மகள் மூன்றாம் எண்காரரின் பையனோடு தாயம் விளையாடினாள். அம்மாவின் குறை வேறு: இருந்த ஒரே கழிப்பறைக்கு வெளியிலிருந்து பூட்டு. சார்ஜரின் கிலோவாட்டைச் செயலியில் போடுகிறவர்கள் கழிப்பறை திறந்திருக்கிறதா என்பதையும் போட்டால் என்ன என்று கேட்டாள். எனக்கும் நியாயமாகத்தான் பட்டது.

திண்டிவனத்தில் காத்திருக்காமல் இருபது நிமிடம் ஏற்றிக்கொண்டோம். பரனூர் சுங்கச்சாவடிக்கு முன்னால் ஊர்ந்த நெரிசலில் மணிக்கணக்கில் நின்றபோது பயந்ததற்கு மாறாக, பேட்டரி அவ்வளவாக இறங்கவில்லை. நிற்கும் வண்டிக்குக் குளிர்சாதனத்தைத் தவிர வேறு பெரிய செலவு கிடையாது. இரவு ஒன்பதரைக்குத் தாம்பரம்.

மார்ச்சில் மாமனார் அழைத்தார். எர்த் குழியைப் புதிதாகத் தோண்டிப் போட்டுவிட்டாராம், அடுத்த முறை குடம் தூக்க வேண்டியதில்லையாம். மின்கட்டணம் வந்திருந்ததையும் பேச்சோடு பேச்சாகச் சொன்னார். அவர் வீட்டில் முதல்முறையாக 400 யூனிட்டைத் தாண்டியிருந்தது. தாண்டியது 11 யூனிட்.