சிவப்பு மருந்து

அக்காவுக்கு டாக்சோரூபிசின் என்ற கீமோ மருந்து ஏறும்போதெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து அந்தக் குழாயையே பார்த்துக்கொண்டிருப்பேன். நல்ல சிவப்பு. சிறுநீர்கூட ஓரிரு நாள் சிவந்து போகும்.

அவளுக்கு வந்திருப்பது டிரிபிள் நெகட்டிவ் மார்பகப் புற்றுநோய். ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன், ஹெர்2 என்ற மூன்று ஏற்பிகளும் (செல்லுக்கு ‘வளரு’ என்று வரும் சமிக்ஞையைப் பிடிக்கும் புரதங்கள்) இல்லாத, வேகமாக வளரும் வகை. ஹார்மோன் மாத்திரைக்கு மசியாது. பெரும்பாலும் கீமோவைத்தான் நம்ப வேண்டும்.

அந்தச் சிவப்பு மருந்து புற்றுச் செல்லின் டிஎன்ஏவை உடைக்கிறது. செல் சும்மா இருக்குமா? உடைந்ததை ஒட்டப் பார்க்கும். அதற்குச் சரக்கு வேண்டுமே! பிரிமிடின் என்ற மூலப்பொருளைத் தானே கூடுதலாகத் தயாரிக்க ஆரம்பிக்கிறது. 2017இல் வெளிவந்த ஓர் ஆய்வு சரியாக அங்கேதான் கைவைத்தது. பிரிமிடின் உற்பத்தியைத் தடுக்கும் லெஃப்ளூனமைடை டாக்சோரூபிசினோடு சேர்த்து எலிகளுக்குக் கொடுத்தார்கள். கட்டி சுருங்கியது. முடக்குவாதத்துக்குப் பல வருடமாகக் கொடுத்துவரும் மாத்திரைதான் அது! படித்த அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை.

சரி, எலியில் பலித்ததெல்லாம் மனிதருக்குப் பலிப்பதில்லை. கல்லீரலைப் பாதிக்கக்கூடிய மருந்து, தயவுசெய்து யாரும் தாமாக வாங்கிச் சாப்பிடாதீர்கள்.

அப்புறம், சர்க்கரையை நிறுத்தினால் புற்று பட்டினியில் சாகும் என்று அனுப்புகிறவர்களுக்கு: சாப்பிடாவிட்டாலும் கல்லீரலே குளுக்கோஸ் தயாரித்து ரத்தத்தில் விடும். வாய்ப்புண்ணோடு இரண்டு வாய் இறக்கவே அக்கா படாத பாடு படுகிறாள். அந்த இரண்டு வாயையும் தடுக்காதீர்கள்.