நெல்வயல் துள்ளிக்குப் பெயர் கண்டுபிடித்த விதம்

கோபிசெட்டிபாளையம் பக்கம் தடப்பள்ளி வாய்க்கால் பாயும் வயல்களில் பயிர் பச்சை கட்டியதும் சின்னப் பழுப்புப் பட்டாம்பூச்சிகள் விருட்டென்று பறக்கத் தொடங்கும். ஸ்கிப்பர் எனப்படும் துள்ளிகள். அதில் ஒன்றையாவது இனம் வரை உறுதிசெய்து, உயிரினப் படங்களைப் பதியும் இணையதளமான ஐநேச்சுரலிஸ்ட்டில் பதிய வேண்டும் என்று இறங்கினேன்.

குடும்பம் வரை சிரமமில்லை. உணர்கொம்பின் நுனி கொக்கிபோல் வளைந்திருந்தால் ஹெஸ்பெரிடே. அப்புறம் உட்காரும் விதத்தைப் பார்க்க வேண்டும். வெயில் காயும்போது பின்னிறக்கையைப் படுக்கையாக விரித்து, முன்னிறக்கையை மட்டும் சற்று நிமிர்த்தி வைத்தால் பெரும்பாலும் ஹெஸ்பெரினே துணைக்குடும்பம். இவற்றின் புழுக்கள் நெல், கரும்பு, மூங்கில், தென்னை என்று ஒருவித்திலைத் தாவரங்களையே தின்னும். வயலில் இவை நிறைந்திருப்பதற்குக் காரணம் அதுதான்.

கஷ்டம் அதற்குள் இருக்கும் பயோரினி பிரிவில். போர்போ, பெலோபிடாஸ், பர்னாரா என்ற பேரினங்கள் எல்லாம் ஒரே பழுப்பு, ஒரே வெள்ளைப் புள்ளிகள். பட்டாம்பூச்சி ஆய்வாளர் எவன்ஸ் போன்றவர்கள் இனம் காண வகுத்த திறவுகோல்கள் இறக்கை விரித்து ஊசியில் குத்திய மாதிரிகளை வைத்து எழுதியவை. உயிருள்ள பூச்சி அப்படிக் காட்டாது. அதனால் ஒரே பூச்சியின் இரண்டு பக்கமும் படத்தில் வேண்டும். தும்பைப் பூவில் தேன் குடிக்கையில் இறக்கை மூடியிருக்கும், அடிப்புறம் கிடைக்கும். குடித்துவிட்டு இலையில் வெயில் காயும்போது மேற்புறம். நடுவில் கண்ணை எடுத்தால் வேறு பூச்சியோடு கலந்துவிடும். இந்தப் பொறுமைதான் வேலையில் பாதி.

பின்னிறக்கை அடிப்புறத்தில், உடலை ஒட்டிய நடு அறையில் வெள்ளைப் புள்ளி இருந்தால் பெலோபிடாஸ் பக்கம் போகலாம். அந்தப் புள்ளி இல்லாமல், முன்னிறக்கை மேற்புறத்தின் கீழ்விளிம்பருகே ஒளி ஊடுருவாத மஞ்சள் புள்ளி இருந்தால் போர்போ சின்னாரா. எனக்குக் கிடைத்தது இதுதான். போர்போ பேரினத்தின் பெரும்பாலான இனங்கள் ஆப்பிரிக்காவில் வாழ, சின்னாரா இந்தியா, இலங்கை தொடங்கி ஆஸ்திரேலியா வரை பரவியிருக்கிறது. நம்ம வாய்க்கால் வரப்பில் பறப்பதற்கு அத்தனை பெரிய எல்லை என்பது எனக்குப் பெரிய மகிழ்ச்சி.

இரண்டு பக்கப் படத்தையும் ஏற்றியதும் அனுபவசாலிகள் ஒப்புக்கொண்டு பதிவு உறுதியானது. பெலோபிடாஸ் படங்களைப் பேரினத்தோடு நிறுத்தியிருக்கிறேன். அதன் இனங்களான மத்தியாஸும் அக்னாவும் அவ்வளவு நெருக்கம், ஆண்பூச்சியின் முன்னிறக்கைக் கோடு தெளிவாக விழுந்தால்தான் அடுத்த படி.