டார்க் ட்ராங்க்விலிட்டி ஆல்பமும் ஹட்டன் கூட்டாளிமாரும்

ஸ்வீடன் மெட்டல் குழு டார்க் ட்ராங்க்விலிட்டியின் "எண்ட்டைம் சிக்னல்ஸ்" ஆல்பம் வந்ததிலிருந்து நம்ம ஹட்டன் பக்கத்து மெட்டல் கூட்டாளிமார் ரெண்டு கட்சி. "பழைய வேகம் இல்ல மச்சான்" என்கிறது ஒரு கட்சி. அவங்களுக்கு அளவுகோல் இதே குழு 1995இல் விட்ட "த கேலரி" ஆல்பம். அதே வருஷம் இந்தக் குழுவோட ஊரான கோதன்பர்க்கிலிருந்தே அட் த கேட்ஸ் குழுவின் "ஸ்லோட்டர் ஆஃப் த சோல்", அடுத்த வருஷம் இன் ஃபிளேம்ஸ் குழுவின் "த ஜெஸ்டர் ரேஸ்". இதெல்லாம் கேட்டு ஊறினவங்க வேகம் கேட்கிறது நியாயம்தான்.

நான் மற்றக் கட்சி. டார்க் ட்ராங்க்விலிட்டி பாடகர் மிக்கேல் ஸ்டான்னே உறுமல் மட்டும் தெரிஞ்சவரில்ல, 1999இல் "ப்ரொஜெக்டர்" ஆல்பத்திலேயே உறுமாமல் பாடிக் காட்டினவர். இந்தப் புது ஆல்பத்தில் "வன் ஆஃப் அஸ் இஸ் கோன்" பாட்டைக் கேளுங்க. 2022இல் இறந்துபோன குழுவோட பழைய கித்தார்காரர் ஃப்ரெட்ரிக் யோஹான்சனுக்காகச் செய்தது. அந்தக் குரலில் இருக்கிற இழப்பு எனக்கு நெஞ்சை அடைச்சிருச்சு. வேகம் குறைஞ்சா என்ன, இந்தப் பாட்டை வேகமா அடிக்கவே முடியாது.

தலவாக்கலைத் தம்பி ஒருத்தன், முதல் தடவையா மெட்டல் கேட்கிறவன், "அண்ணே, இந்தக் கத்தலுக்குள்ள இவ்வளவு மெட்டு இருக்கா?"ன்னு வொய்ஸ் அனுப்பியிருக்கான். ரொம்ப சந்தோஷம்டா! காமன் கூத்துக்குத் தப்படிக்கிறதைக் கேட்டு வளர்ந்த நமக்கு ரெண்டு காலாலும் மிதிச்சு அடிக்கிற டபுள் பேஸ் டிரம்ஸ் அந்நியமே இல்ல.

கேட்காதவங்க இன்னைக்கே கேளுங்க. இயர்போன் போட்டுக்கங்க, போன் ஸ்பீக்கரில் பேஸ் கித்தார் காணாமலே போயிரும்.